பெரிலிப்பின்-2 வளையம் மைக்ரோஸ்கோப்பில் தெரியவில்லை

பெரிலிப்பின்-2 புரதத்தைப் பார்க்கச் செல்களைப் பதப்படுத்தும்போது மெத்தனாலை விட்டுவிடுங்கள், ட்ரைட்டன் என்ற சோப்புப் பொருளையும்தான்.

ஹெப்-ஜி2 என்ற மனிதக் கல்லீரல் கட்டிச் செல்களில், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை மடிப்புக் குலைத்துப் பிரித்து, ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) பேண்ட் தெளிவாக வருகிறது, மைக்ரோஸ்கோப்பில் மட்டும் கொழுப்புத் துளிகளைச் சுற்றி வளையம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஆன்டிபாடியைவிட, செல்லைப் பதப்படுத்தும் முறை மேல்தான் எனக்குச் சந்தேகம். பெரிலிப்பின்-2 துளியின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது. மெத்தனால் கொழுப்பையே கரைத்துவிடும். ட்ரைட்டன் எக்ஸ்-100 துளியின் வடிவைக் குலைத்து, புரதத்தையும் பெயர்த்துவிடும்.

4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், அப்புறம் ஆன்டிபாடி உள்ளே போகச் செல் சவ்வில் துளை போட 0.1% சப்போனின். சப்போனின் போடும் துளை நிலைக்காது. அதனால் புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி, அதைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் நிலை ஆன்டிபாடி என இரண்டின் கரைசல்களிலும் சப்போனின் இருந்தே ஆக வேண்டும். எளிதில் விட்டுப்போகும் இடம் இதுதான்.

சோதிக்க, செல்களில் துளிகள் உருவாக, முந்தைய இரவே ஆல்புமினோடு சேர்த்த ஒலியிக் அமிலம் (ஒரு கொழுப்பு அமிலம்) 200 மைக்ரோமோலார் கொடுங்கள். ஒட்டிக்கொள்ளத் துளி இல்லாவிட்டால் பெரிலிப்பின்-2 சிதைந்துபோகும். கடைசியில் கொழுப்புத் துளிகளை ஒளிரச் செய்யும் பாடிபி 493/503 சாயம் ஏற்றுங்கள். அது பச்சை, ஆகவே இரண்டாம் நிலை ஆன்டிபாடி சிவப்பாக இருக்கட்டும். துளி தெரிந்தும் வளையம் வராவிட்டால், அப்போது ஆன்டிபாடியைச் சந்தேகிக்கலாம்.

ஒன்று: வெஸ்டர்னில் வேலை செய்யும் ஆன்டிபாடி, மடிப்புக் குலையாத புரதத்தையும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வளையம் வந்தாலும், சைஆர்என்ஏ (ஒரு மரபணுவின் செயலை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு பெரிலிப்பின்-2-ஐக் குறைத்த செல்களோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள்.