உடுவிலில் கிடைத்த பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மம்மாவின் அம்மம்மாவுக்கு முன்பெயரும் பின்பெயரும் முழு ஆங்கிலம். யாழ்ப்பாணத்து உடுவில் விடுதிப் பள்ளியில் படித்தவ, 1860களில் கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவ என்பது மட்டும் தெரியும். தகப்பன் ஒரு வெள்ளைக்காரத் துரை என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் துரையை இணையத்தில் தேடிக் களைத்துவிட்டேன். டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாமா?

து., வெள்ளவத்தை

அன்புள்ள து.,

துரையைத் தேடுவதை விட்டுவிடுங்கள். உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கியது அமெரிக்க மிஷன். அங்கேயும், அதே மிஷன் ஆண்பிள்ளைகளுக்கு நடத்திய வட்டுக்கோட்டை செமினரியிலும், ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றுக்கொண்டால் அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். பணம் தந்தவரின் பெயராகவே இருக்கலாம், அவர் மதித்த ஒரு போதகரின் பெயராகவும் இருக்கலாம். பின்பெயரும் சேர்த்துத்தான். ஆகவே தகப்பன் வெள்ளைக்காரர் என்பதற்கு அந்தப் பெயர் சாட்சியாகாது.

எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. ஒரு துரையின் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய குடும்பத்தில், அந்தப் பிள்ளையைப் பெற்ற தாயின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்பிள்ளையை எழுத்துப் படிக்க அனுப்பினால் ஊர் ஏசிய காலம் அது. அனுப்பத் துணிந்த அந்தத் தாயைத்தான் தேட வேண்டும்.

டி.என்.ஏ. செய்யலாம். உடுவிலில் படித்த அந்தப் பாட்டியிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு, அவர் தகப்பனிடமிருந்து அதில் பாதி. துரை இருந்தாரா என்று அது ஓரளவு காட்டும். தாயின் பெயரை அது சொல்லாது.

பாட்டியின் பிறப்புப் பதிவு கிடைப்பதும் அரிது, இலங்கையில் முறையான அரசாங்கப் பதிவு தொடங்கியது 1867இல்தான். மிஷனரிமாரின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் காணி உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, பாருங்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணப் பெண்களின் பெயரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமைப்படி தாயின் சீதனம் மகளுக்குப் போகும். சீதன உறுதி எழுதும்போது, காணி கொடுப்பவருக்கு அது எப்படி வந்தது என்றும் எழுதுவார்கள். பாட்டிக்குத் தாய்வழிக் காணி கிடைத்திருந்தால் அங்கே தாயின் பெயர் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் தாயின் தாயும் இருப்பார். அதற்கும் பின்னால் போக ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள், அதாவது காணிப் பதிவேடுகள், உதவலாம். உங்கள் ஊருக்கு எவை இருக்கின்றன என்று கொழும்பு 7இல், தேசிய சுவடிக்கூடத்தில் விசாரியுங்கள், வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

முதலில் பெரியம்மா, மாமிமாரிடம் கேளுங்கள், பழைய உறுதிக்கட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று. காணி எப்போதோ விற்றுப்போயிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஊர்க் காணிகளுக்குப் பெயர் உண்டல்லவா, அந்தப் பெயரும் கிராமமும் தெரிந்தால் யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவகத்தில் தேடத் தொடங்கலாம். கிடைத்ததை எனக்கும் எழுதுங்கள்.