பதில் வராத தந்திகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் பல வீடுகள் வியட்நாமின் சைகோன் நகரில் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. கம்யூனிசத்தைத் தடுக்க 1960களில் அமெரிக்கா வியட்நாமுக்குள் நுழைந்தது என்றே படித்திருக்கிறேன். அங்கே முன்பு நடந்த பிரெஞ்சு ஆட்சிக்கும் அந்தப் போருக்கும் என்ன தொடர்பு?

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

1960களில் தொடங்கினால் எதுவும் விளங்காது. 1945 செப்டம்பர் 2, ஹனோயின் பா டின் சதுக்கத்தில் தொடங்குங்கள். மேடையில் வியட்நாம் விடுதலை இயக்கத்தின் தலைவர், மெலிந்துபோன ஹோ சி மின். சில வாரங்களுக்கு முன் காட்டில் காய்ச்சலில் கிடந்தவருக்கு மருந்து கொடுத்தவர்கள் போரில் அந்நாட்டைப் பிடித்திருந்த ஜப்பானுக்கு எதிராக அவரோடு கைகோத்த அமெரிக்க உளவுப்படையினர். அவர் வாசித்த சுதந்திரப் பிரகடனத்தின் முதல் வரிகள் அமெரிக்காவின் 1776 பிரகடனத்திலிருந்து எடுத்தவை. நடுவே நிறுத்தி, 'நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா?' என்றார். கேட்கிறது என்று கூட்டம் முழங்கியது.

அந்தப் பிரகடனம் பிரான்ஸ் மீது வாசித்த குற்றப்பத்திரிகையும்தான். பள்ளிகளைவிடச் சிறைகள் அதிகம் என்றது; அபினையும் சாராயத்தையும் சொன்னது. உப்பு, சாராயம், அபின் மூன்றும் அரசின் ஏகபோகம். முன்னோர் படையலுக்குத் தன் வீட்டு அரிசியில் சாராயம் வடித்த விவசாயி அதற்காகவே குற்றவாளி ஆனான். வரி சேர்த்த ஆலைச் சாராயத்தைத்தான் அவன் வாங்க வேண்டும். மீகாங் சமவெளியில் அவனுக்கு வட்டிக்குக் கொடுத்தவர்களில் நம் செட்டியார்களும் உண்டு. 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக ஏராளமான நிலம் கைமாறியது. உங்கள் ஊர் வீடுகளைப் பார்க்கும்போது அந்த விவசாயியையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1945 பஞ்சத்தில் வடக்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகப் பிரகடனமே சொல்கிறது.

பிரான்ஸ் அங்கே திரும்பக் கூடாது என்று நினைத்தவர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். அவர் ஏப்ரலில் இறந்துவிட்டார். சரணடைந்த ஜப்பானியரின் ஆயுதங்களைப் பறிக்கச் செப்டம்பரில் சைகோனில் இறங்கிய பிரிட்டிஷ் தளபதி கிரேசி, ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பிரெஞ்சுக் கைதிகளுக்குத் துப்பாக்கி கொடுத்து நகரை அவர்களிடமே ஒப்படைத்தார். அவர் கீழிருந்தது 20ஆவது இந்தியப் படைப்பிரிவு. நம் வீரர்களை வைத்து நடந்தது இது. ஹோ சி மின் ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அதிபரான ட்ரூமனுக்குக் கடிதமும் தந்தியுமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். 1946 பிப்ரவரி 28 தந்தியில், எங்கள் சுதந்திரத்துக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டார். எதற்கும் பதில் வரவில்லை.

ஐரோப்பாவில் ரஷ்யாவுக்கு எதிராக அமெரிக்காவுக்குப் பிரான்ஸ் தேவைப்பட்டது. என் பார்வையில் முதற்காரணம் இதுவே. 1949இல் சீனா மாவோ கைக்குப் போனதும் தயக்கமும் போயிற்று. 1950இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த, முன்னாள் பேரரசர் பாவோ தாயின் அரசை அமெரிக்கா அங்கீகரித்து, ஆயுதமும் பணமும் கொடுத்தது. 1954 மே 7இல் டியன் பியன் பூ என்ற பிரெஞ்சு ராணுவத் தளம் ஹோ சி மின் படையிடம் வீழ்ந்தபோது பிரான்சின் போர்ச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவினுடையது. அந்த ஆண்டு ஜெனீவா மாநாட்டில் நாடு தற்காலிகமாக வடக்கு, தெற்கு என்று பிரிந்தது; இரண்டையும் இணைக்க அங்கே ஒப்புக்கொண்ட 1956 தேர்தலைத் தெற்கின் ஆட்சியாளர் தியெம் நடத்தவிடவில்லை. அமெரிக்கா அவர் பக்கமே நின்றது.

1965 மார்ச்சில் அமெரிக்க மரைன் படை டா நாங்கில் கரையிறங்கியது. 1858இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் முதலில் தாக்கியதும் அதே துறைமுகத்தைத்தான்.