"வயதாகிவிட்டது" என்பது நோயின் பெயரன்று: முதியோர் பராமரிப்பு கேள்வி பதில்

மருத்துவமனைச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இப்போது இராமநாதபுரம் கடற்கரையோரத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். தொண்டி முதல் சாயல்குடி வரை உள்ளவர்களும், வெளிநாட்டிலிருந்து சிலரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் மருத்துவரின் பொறுப்பு. வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்வது என் வேலை.

சிஸ்டர், என் அம்மாவுக்கு 78 வயது. போன வாரம் வரை தானே சமைத்தவர், இரண்டு நாள்களாக இரவில் இறந்துபோன தம்பியைக் கூப்பிட்டுப் பேசுகிறார். பகலில் பாதி நேரம் தூங்குகிறார். மறதி நோய் என்கிறார்கள் சிலர். காத்து கருப்பு என்கிறார்கள் சிலர். (தங்கச்சிமடம்)

இரண்டுமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. இரண்டே நாளில் தலைகீழாக மாறுவதும், காலையில் தெளிவாக இருந்துவிட்டு இரவில் குழம்புவதும் உடலில் வேறெங்கோ கோளாறு இருப்பதைக் காட்டும் திடீர் மனக்குழப்பத்தின் அடையாளங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைவது, நீர்ச்சத்து வற்றுவது, பல நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை அல்லது சளி மாத்திரை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். இந்த வயதில் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம் என்பதால், "உடம்பு சுடவில்லையே" என்று காத்திருக்கக் கூடாது.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் குடிநீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் வீடுகளில், பிள்ளைகளும் பேரன்களும் குடிக்கட்டும் என்று மூத்த பெண்கள் தம் பங்கைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள். இரவில் எழுந்து கழிவறைக்குப் போக வேண்டுமே என்ற அச்சம் அதோடு சேர்ந்துகொள்கிறது. சித்திரை வெயிலில் இந்தச் சிக்கனம் ஒரே வாரத்தில் ஆளைப் படுக்கவைத்துவிடும். இரத்த அழுத்தத்திற்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் உப்பையும் அறவே ஒதுக்கினால் சோடியம் மளமளவென்று இறங்கக்கூடும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; சோடியம், சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பணிக்குச் சேர்ந்த புதிதில், இப்படிப் பிதற்றிய ஒரு பாட்டியைப் பார்த்து "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று அவருடைய மகளுக்குச் சமாதானம் சொன்னவள் நான். அவருக்குச் சிறுநீர் அடைத்திருந்ததை மறுநாள் வந்த மூத்த செவிலியர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தார்.

என் வாப்பாவுக்கு 72 வயது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். நோன்பை விடவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? (கீழக்கரை)

நோன்பு தொடங்குவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். கிளிமிபிரைடு உணவு இல்லாத நேரத்திலும் சர்க்கரையை இறக்கிவிடும் மருந்தாகையால், அளவைக் குறைப்பதா, நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றுவதா, வேறு மருந்து தருவதா என்று அவரே முடிவு செய்வார். சிறுநீரகம் பழுதானவர்களும், அடிக்கடி தாழ்சர்க்கரையில் மயங்குபவர்களும் நோன்பைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் கூறுகின்றனர். ஆகவே பகலில் சோதிக்கத் தயங்க வேண்டாம். அளவு 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். விடியுமுன் சாப்பிடும் ஸஹர் உணவை முடிந்தவரை தாமதமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். மாலையில் நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் போதும். அதோடு வடையும் சமோசாவும் அடுக்கினால் பகலெல்லாம் காத்தது இரவில் போய்விடும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் எங்கள் ஊர்ப் பனங்கருப்பட்டி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதல்லவா? (சாயல்குடி)

ஏறும். மணமும் சுவையும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

அப்பா 50 ஆண்டுகள் கடலுக்குப் போனவர். மறதி நோய் வந்த பிறகு தினமும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கரைக்குப் போய்விடுகிறார். ஒருநாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். கட்டிலோடு கட்டி வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. (தேவிபட்டினம்)

கட்ட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் இறந்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை அறவே தடை செய்திருக்கிறது. வீட்டில் துணியால் கட்டினாலும், திமிறி விழுந்து எலும்பு முறிவதும் ஒரே இடத்தில் கிடந்து புண் வருவதும்தான் மிச்சம்.

அவர் வழி தவறிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்; வேலைக்குப் போகிறார். அந்த நேரத்தில் எழுந்திருப்பது 50 ஆண்டுப் பழக்கம். எனவே "எங்கே போகிறீர்கள், படுங்கள்" என்று அதட்டாமல், "இன்றைக்குக் காற்று சரியில்லை அப்பா, யாரும் போகவில்லை, டீ குடித்துவிட்டு வலையைப் பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் இல்லத்தில் இதே நிலையில் இருந்த ஒரு பெரியவருக்குக் கிழிந்த வலையையும் நூலையும் கையில் கொடுத்தோம். மூன்று மணிக்கு எழுந்தவர் விடியும்வரை பின்னிக்கொண்டிருந்தார். அவர் பின்னியதைப் பிரித்து மறுநாள் மீண்டும் கொடுத்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கதவின் தாழ்ப்பாளை அவர் தேடாத உயரத்தில் வையுங்கள். தீ விபத்தின்போது உடனே திறக்க வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதவில் ஒரு மணியைக் கட்டுங்கள். சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். கரையில் வள்ளம் தள்ளுபவர்களிடமும் டீக்கடையிலும் சொல்லி வையுங்கள். மாலையில் நீங்களே ஒருமுறை கரைக்கு அழைத்துப் போய் வாருங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க எண்ணுகிறேன். எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

படங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஊரிலுள்ள உறவினர் ஒருவரைச் சொல்லாமல் கொள்ளாமல், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்புங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள், அவர்களில் பயிற்சி பெற்றவர் யார் என்று அவர் கேட்க வேண்டும். தாமே சாப்பிட முடியாதவர்களுக்கு நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, படுக்கவைத்தே வாயில் ஊற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும். படுத்தபடி ஊட்டும் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். கழிவறையில் கைப்பிடி, உடைமாற்ற மறைப்பு, மருந்து கொடுத்ததற்கான பதிவேடு, அரசுப் பதிவுச் சான்று ஆகியவை இருக்க வேண்டும். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வார்களா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் கேள்வியில் அவருடைய விருப்பம் எங்கேயும் இல்லை.

வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாடும் இல்லை. திரும்பப் பெற முடியுமா? (தொண்டி)

ஐயா, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு நீங்கள் எழுதிக் கொடுத்ததைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் பத்திரத்தை விவரம் தெரிந்த ஒருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்திரம் எப்படி இருந்தாலும் மாதப் பராமரிப்புத் தொகை கேட்டுத் தனியாக மனு செய்யலாம். 14567 என்ற கட்டணமில்லா முதியோர் உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

படுத்திருப்பவரைத் தூக்கித் தூக்கி எனக்கே இடுப்பு போய்விட்டது, சிஸ்டர். (பாம்பன், இல்லப் பணியாளர்)

தூக்குவதை நிறுத்துங்கள், நகர்த்துங்கள். பழைய வேட்டியை நான்காக மடித்து, அவருடைய தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்து ஒரே நேரத்தில் நகர்த்தினால் உங்கள் இடுப்பும் தப்பும், அவர் தோலும் உராயாது. உட்காரவைக்கும்போது முதலில் உங்கள் பக்கம் ஒருக்களித்துப் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, பிறகு தோளைத் தாங்கி எழுப்புங்கள். அக்குளில் கைகொடுத்து இழுக்கவே வேண்டாம். பக்கவாதம் வந்தவருக்குத் தோள்மூட்டு நழுவிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும் வேலையை இரவில் தனி ஆளாகச் செய்ய முடியாது என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது பதிவேட்டில் ஏறாது.