சாஃப்ட்பால் அணிக்கு ஆளே சேரவில்லை, என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. எங்கள் ஊர் ரெக் லீக்கில் (ஊர்ப் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடும் லீக்) சாஃப்ட்பால் ஆடுகிறாள்; பேஸ்பால் மாதிரியான ஆட்டம். போன வருடம் நாலு அணி இருந்தது. இந்த வருடம் இரண்டு அணிக்கே ஆள் தேறவில்லை. நன்றாக ஆடும் பிள்ளைகள் எல்லாம், ஆள் தேர்ந்தெடுத்து வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் டிராவல் டீமுக்குப் போய்விட்டார்கள். நாங்களும் அங்கே சேர்க்கலாமா, இல்லை வேறு விளையாட்டுக்கு மாற்றலாமா?
– ஒரு தந்தை, நியூ ஜெர்சி

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். நானும் இதே மாநிலத்தில் 10 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்குக் கோச்சாக இருக்கிறேன். ரெக் லீக் காலியாவதற்குப் பல காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை முதல் காரணம் பிட்சிங், அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பந்து போடுவது.

8 வயதுவரை பெரும்பாலும் கோச்தான் பந்து போடுவார். எல்லாப் பிள்ளைகளும் அடிப்பார்கள், ஓடுவார்கள். அடுத்த பிரிவில் பிள்ளைகளே 35 அடி தள்ளி நின்று, கையை முழு வட்டமாகச் சுழற்றிக் கீழிருந்து போட வேண்டும். இது லேசில் வருகிற வித்தை இல்லை. பந்தை எந்த இடத்தில் விடுவது என்று கைக்குப் பிடிபடவே ஒரு குளிர்காலம் போய்விடும். அப்படிப் பழகிய ஓரிருவரைத்தான் டிராவல் டீம்கள் முதலில் அழைத்துக்கொள்கின்றன.

மிச்சமிருப்பவர்களின் ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நாலு பந்து வெளியே போகும், ஒரு வாக்: மட்டை பிடித்தவள் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போய்விடுவாள். அடுத்தவளுக்கும் அதேதான். யாரும் மட்டையையே வீசாமல் ரன் ஏறிக்கொண்டிருக்கும். மைதானத்தின் வலது கோடியில், ரைட் ஃபீல்டில் நிற்கும் குழந்தை ஏப்ரல் குளிரில் ஷூ நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருப்பாள். பிட்சரோ அழுகையை அடக்கிக்கொண்டு கோச்சைப் பார்ப்பாள். அடுத்த வருடம் இருவரும் சாக்கருக்கோ வாலிபாலுக்கோ போய்விட்டால் யாரைக் குறை சொல்வது?

எனக்கு மனசு கேட்கவில்லை. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் பெண்கள் ஆடுவதற்கான வழக்கே நம் நியூ ஜெர்சியில் நடந்ததுதான். ஹோபோக்கன் ஊர்ச் சிறுமி மரியா பெபே 1972இல் பேஸ்பால் அணியிலிருந்து நிறுத்தப்பட்டார். வழக்கில் பெண்கள் பக்கம் தீர்ப்பாகி, 1974இல் லிட்டில் லீக் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கான சாஃப்ட்பாலையும் அதே வருடம்தான் தொடங்கியது. அவ்வளவு போராடி வாங்கிய மைதானத்தை நாமே காலியாக விடலாமா?

அதனால் லீக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். நாலு பந்து வெளியே போனதும் வாக் கொடுக்காமல், மீதிப் பந்தைக் கோச் போடட்டும் என்று கேளுங்கள். பல ரெக் லீக்குகளில் இந்த விதி உண்டு. எங்கள் ஊரில் கொண்டுவந்ததும் பிள்ளைகள் மட்டையை வீச ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஆட்டம் வைக்கவும் சொல்லுங்கள். இரண்டு ஊரிலும் ஆள் குறைவாக இருக்கும்போது தனித்தனியாக நிற்பதில் அர்த்தமில்லை.

அப்புறம், உதவிக் கோச்சாகப் பெயர் கொடுங்கள். நமக்குக் கிரிக்கெட்தானே தெரியும் என்று நம் ஊர் அப்பாக்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். கேட்ச் பிடிக்கவும் த்ரோ செய்யவும் தெரிந்தவர் எந்த அணிக்கும் வரம்தான்.

டிராவல் டீம் பற்றி: கட்டணம், ஹோட்டல், தனிப் பயிற்சி என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். சனி, ஞாயிறு டோர்னமென்ட்டிலேயே கழியும். தமிழ்ப் பள்ளி, பாட்டு வகுப்பு எல்லாம் அடிபடும். 12 வயதில் அவளே ஆசைப்பட்டுக் கேட்டால் அப்போது யோசிக்கலாம்.

அதுவரை அவளுக்குப் பிட்சிங் பழக்குங்கள். அவள் வயதுக்கு 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து. வீட்டு முன்னால் 35 அடி அளந்து கோடு போடுங்கள். மறுமுனையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு நீங்கள் உட்கார்ந்து பிடியுங்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். கை வலிக்கிறது என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.