காஸ்டிக் சோடா இல்லாமல் வீட்டிலேயே குளியல் சோப் செய்ய முடியுமா? எப்படித் தொடங்குவது? கைக்குழந்தைக்கும் போடலாமா? குளியல் பொருள் வேறு என்ன செய்யலாம்?

காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம் இல்லாமல் சோப் செய்ய முடியாது. இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது இங்கே வருகிறது. கீழே வரும் பதில்களில் பாதி "முடியும், நான் செய்கிறேன்" என்றுதான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைக் கட்டி ஒன்றைத் துண்டு போட்டு உருக்கி, கற்றாழையை அரைத்து ஊற்றி, "பத்தே நிமிடத்தில் கெமிக்கல் இல்லாத சோப்" என்று காட்டியிருப்பார்கள். அந்த வெள்ளைக் கட்டிக்குப் பெயர் சோப் பேஸ். அதை யாரோ ஒரு தொழிற்சாலையில் காஸ்டிக் சோடா போட்டுத்தான் காய்ச்சியிருக்கிறார்கள். கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றிவிட்டு, "நான் உளுந்தே ஊறப்போடவில்லை, இட்லிக்கு உளுந்து வேண்டாம்" என்று சொல்வது மாதிரிதான் இது.

எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து மாறினால் வருவதுதான் சோப்பும் கிளிசரினும். அளவு சரியாக இருந்தால் முடிந்த கட்டியில் காஸ்டிக் மிஞ்சாது. "எங்கள் பாட்டி சாம்பலில் செய்தார்" என்று ஒருவர் வருவார், தெரியும். சாம்பல் காரமும் காரம்தான். அது பொட்டாசியம் காரம் என்பதால் கட்டியாகாது, கூழாகத்தான் நிற்கும். அதன் வலிமையை அளப்பதற்கும் வீட்டில் வழியில்லை.

காஸ்டிக்கைத் தொட பயம் என்றால் சோப் பேஸிலேயே தொடங்குங்கள். அதில் தவறில்லை, அதை "காஸ்டிக் இல்லாதது" என்று சொல்லி விற்காமல் இருந்தால் போதும். 500 கிராம் பேஸைச் சின்னத் துண்டாக்கி, கொதிக்கும் தண்ணீர் உள்ள பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். 60 முதல் 65 டிகிரி போதும். கொதிக்க விட்டால் அதிலுள்ள தண்ணீர் போய் ரப்பர் மாதிரி ஆகிவிடும். மூலிகைப் பொடி ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அதையும் முதலில் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துவிட்டுச் சேர்த்தால் கட்டி தட்டாது. வாசனை எண்ணெய் 5 கிராம்.

பொடியெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடுகிறது என்பது எல்லோருடைய புகார். சூடாக இருக்கும்போதே ஊற்றுவதுதான் காரணம். கலக்கிக்கொண்டே 50 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, கொஞ்சம் தடித்ததும் ஊற்றினால் பொடி அங்கங்கே நிற்கும். மேலே வரும் நுரைக்கு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை லேசாகத் தெளித்தால் அடங்கிவிடும். பச்சைக் கற்றாழை, பால், தயிர், அரைத்த குப்பைமேனி எதையும் இதில் ஊற்றாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி மழையில் கட்டி மேல் முத்து முத்தாக நீர் கோத்தால் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். அச்சிலிருந்து எடுத்ததும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் அதிகமாக வியர்க்கும்.

இனி நிஜ சோப். இங்கே எல்லோரும் கோல்டு பிராசஸ் என்று சொல்லும், அடுப்பில் காய்ச்சாத முறை.

தேங்காய் எண்ணெய் 250 கிராம், கடலை எண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். காஸ்டிக் சோடா 73 கிராம். தண்ணீர் 146 கிராம். முதல் முறைக்கு வாசனையும் பொடியும் வேண்டாம்.

73 எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் யாருடைய அளவையும் நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும். கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 79.35 வரும். அதில் 8 சதவீதத்தைக் குறைத்துவிடுகிறோம், 73. அந்த 8 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும். தோல் வறளாமல் இருப்பதற்கும், தராசு சின்னத் தப்பு செய்தால் தாங்குவதற்கும் அதுதான் இடம். எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். "கடலை எண்ணெய் இல்லை, தேங்காய் எண்ணெயே முழுக்க ஊற்றினேன்" என்றால் அது வேறு சோப். அந்த 500 கிராமுக்கு முழுக் கணக்கு 91.5 கிராம். ஆனால் தனித் தேங்காய் எண்ணெய் சோப் தோலை ரொம்பவே உரித்தெடுக்கும் என்பதால் 20 சதவீதம் குறைப்பார்கள். குறைத்தால் வருவது, வேடிக்கையாக, அதே 73 கிராம்!

மில்லி கணக்கில் அளக்கும் பழக்கம்தான் முதல் சோப்பைக் கெடுக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 500 மில்லி எண்ணெய் சுமார் 460 கிராம்தான் இருக்கும். நாம் ஒதுக்கிய 8 சதவீதம் அந்த ஒரே தப்பில் காலி. அதற்கு மேல் தராசு 2 கிராம் ஏமாற்றினால் காஸ்டிக் மிஞ்சிய கட்டி கையில் இருக்கும். டம்ளர் கணக்கு, கரண்டிக் கணக்கு, குத்துமதிப்பு எதுவும் கூடாது. சமையலில் கைப்பக்குவம் என்பது பெருமை, இங்கே அது ஆபத்து. 500 கிராம் எண்ணெய்க்குக் குறைவாகச் செய்ய வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். 100 கிராம் எண்ணெயில் செய்தால் ஒரு கிராம் தப்புகூடப் பெரிய தப்பு.

பாத்திரம் எவர்சில்வர், அல்லது அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடி ஜாடியும் சூட்டில் விரிசல் விடலாம். ரப்பர் கையுறை, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. ஜன்னல் ஓரம் அல்லது மொட்டை மாடி. குழந்தையும் நாயும் வேறு அறையில்.

தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே இடத்தில் சூடேறி மேலே தெறிக்கும். போட்டதும் 80, 90 டிகிரிக்குப் போய்விடும், ஆவியும் வரும், முகத்தைக் குனியாதீர்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுங்கள். கையில் பட்டால் குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வினிகரோ எலுமிச்சையோ தேய்க்கக் கூடாது, புண்ணின் மேல் இன்னொரு சூடு கிளம்பும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசலும் எண்ணெய்க் கலவையும் 40 டிகிரி பக்கம் வந்ததும், எண்ணெயில் கரைசலை வடிகட்டி ஊற்றுங்கள். எவர்சில்வர் தண்டு உள்ள ஹேண்ட் பிளெண்டரை ஐந்து விநாடி ஓட்டி, நிறுத்தி, கையால் கலக்கி, மறுபடி ஐந்து விநாடி. மத்தால் கடைந்தாலும் வரும், முக்கால் மணி நேரம் தோள் வலிக்கும். கரண்டியால் எடுத்து மேலே விட்டால் கோடு விழுந்து ஒரு நொடி நின்று மறைய வேண்டும். நெகிழ்ந்த தோசை மாவுப் பதம். இதைத்தான் ட்ரேஸ் என்கிறார்கள். பட்டர் பேப்பர் விரித்த அட்டைப் பெட்டியிலோ சிலிக்கான் அச்சிலோ ஊற்றி, ஒரு துண்டைப் போட்டு மூடி வையுங்கள். ஒரு நாள் கழித்து வெட்டலாம், கையுறையோடு. தனித் தேங்காய் எண்ணெய் சோப் என்றால் ஏழெட்டு மணி நேரத்திலேயே வெட்டிவிட வேண்டும், மறுநாள் வரை விட்டால் கத்தி பட்டதும் கற்கண்டு மாதிரி உடையும்.

பிறகு காற்றோட்டமான நிழலில், கட்டிக்குக் கட்டி இடைவெளி விட்டு, ஆறு வாரம். சோப்பாக மாறும் வேலை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், மீதி நாளெல்லாம் தண்ணீர் போகத்தான். அவசரப்பட்டு இரண்டாம் வாரமே எடுத்துக் குளித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் சோப்புப் பெட்டியில் கொழகொழவென்று கரைந்துவிட்டு "வீட்டு சோப் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்பீர்கள்.

என்ன தப்பு நடக்கும்? மேலே வெள்ளையாகப் பொடி பூத்தால் அது காற்றுபட்டு உண்டான சோடா, சுரண்டிவிடலாம். வெட்டும்போது உள்ளே நீர்க்குமிழி தெரிந்து, அது விரலில் வழவழவென்று எரிந்தால் காஸ்டிக் கலக்காமல் தங்கியிருக்கிறது, அந்தக் கட்டியைக் குளிக்க எடுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து ஈர விரலால் கட்டியைத் தேய்த்து நாக்கு நுனியில் வையுங்கள். பேட்டரியை நக்கியது மாதிரி சுரீர் என்றால் காஸ்டிக் இருக்கிறது. (இதைச் சொன்னதும் அறிவியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். பினாப்தலீன் (காரம் பட்டால் சிவக்கும் சோதனைத் திரவம்) வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.) இரண்டு மூன்று மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளியும் சிக்கு வாடையும் வந்தால் எண்ணெய் பழசு, அல்லது சூரியகாந்தி மாதிரி சீக்கிரம் சிக்கடிக்கும் எண்ணெயை அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள்.

மஞ்சள் போட்டதும் சோப் சிவந்துவிட்டது என்று பயந்து கேட்பார்கள். ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறது இல்லையா, அதே காரம்தான் இங்கேயும். காயக் காயச் செங்காவியாக மாறி, வெயில் பட்டால் வெளுத்தும் போகும். வேப்பிலை, குப்பைமேனிப் பச்சையெல்லாம் சில வாரத்தில் காக்கி நிறம். ரோஜா இதழ் கறுக்கும். கடையில் பளிச்சென்று பச்சையாக ஒரு "குப்பைமேனி சோப்" இருந்தால் அந்தப் பச்சை குப்பைமேனியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு.

"எங்கள் கையால் செய்த சோப்பின் பிஎச் 5.5" என்று சிலர் அட்டையில் போடுகிறார்கள். பிஎச் என்பது அமில, கார அளவு, 7-க்கு மேல் போனால் காரம். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்த சோப் 9 முதல் 10 வரைதான் இருக்கும். அமிலம் ஊற்றி 5.5-க்கு இறக்கினால் சோப் பிரிந்து கொழுப்பாக மிதக்கும். சோப்பில் இவ்வளவு காரம் இருப்பதால்தான் உங்கள் கேள்வியில் இருந்த "கைக்குழந்தைக்கும் போடலாமா" என்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. கடை சோப் எல்லாம் நல்லது, வீட்டு சோப் கெட்டது என்று இதைத் திரித்துக்கொண்டு யாரும் வர வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. சில்லறையாகக் காஸ்டிக் கேட்டால், மெல்லிய கேரி பேகில் கொட்டி, முடிச்சுப் போட்டு, பெயர்கூட எழுதாமல் கையில் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பார்க்கக் கல்லுப்பு மாதிரியே இருக்கும். அப்படித் தந்தால் வாங்காதீர்கள். பெயரும் சுத்த அளவும் அச்சிட்ட, மூடி திருகும் டப்பாவாகக் கேளுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து வலிமை போய்விடும், அப்புறம் 73 கிராம் என்பது 73 கிராமாக இருக்காது. சாக்கடை அடைப்புக்கு விற்கும் பொடியும் வேண்டாம், சிலவற்றில் அலுமினியத் துணுக்கு கலந்திருக்கும். சலவைச் சோடா, ஆப்பச் சோடா இரண்டும் இதற்கு மாற்று கிடையாது.

நன்றாக வந்ததும் அடுத்த மாதமே விற்கத் தோன்றும். 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் சட்டத்தில் சோப் முதலில் அழகுப் பொருளாகச் சேர்க்கப்படவில்லை. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. இப்போது விற்பதற்காகச் செய்ய வேண்டுமானால் 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். "எல்லோரும் இன்ஸ்டாகிராமில் விற்கிறார்களே" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சொரியாசிஸ் போகும், தேமல் மறையும் என்று மட்டும் அட்டையில் எழுதிவிடாதீர்கள்.

குளியல் பொருள் வேறு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பாத் பாம் (தொட்டித் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் உருண்டை) பற்றிச் சொல்லவில்லை, நம்மில் பெரும்பாலோர் வாளியும் மக்கும் வைத்துக் குளிப்பவர்கள். காஸ்டிக் இல்லாமல் நிஜமாகவே செய்யக்கூடியது நலங்கு மாவுதான். பாசிப்பயறு 500 கிராம், ஆவாரம்பூ 100, ரோஜா இதழ் 50, பூலாங்கிழங்கு 50, கஸ்தூரி மஞ்சள் 50, வெட்டிவேர் 25. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரை காயவையுங்கள். பூ கையில் துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, மாவு புழுத்துப் போகும். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப் பொடியாக நறுக்கித் தந்தால்தான் மில்லில் அரைபடும். அரைத்து வந்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். மில்லுக்குப் போனதும் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் என்றால் பச்சரிசி அரைக்க யாராவது வரும் வரை உட்கார்ந்திருந்து, அவர்களுக்கு அடுத்ததாகப் போடுங்கள்.