கேல் கீரை ஏன் கசக்கிறது?

கேள்வி: பிப்ரவரியில் மாடித்தோட்டத்தில் சுருட்டை இலை கேல் (முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை) விதைத்தேன். இலை சிறுத்துக் கசக்கிறது. உரம் போதவில்லையா?
– வாசகி, கோவை

பதில்: உரக்குறை இல்லை அம்மா, பருவம்தான் தவறிவிட்டது. கேல் 15–20 டிகிரியில் செழிக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் இலை தடித்துக் கசக்கும். செப்டம்பர் கடைசியில் குழித்தட்டில் விதைத்து, நான்கைந்து இலை விட்டதும் 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் நன்றாகப் பறிக்கலாம்.

ரகமும் முக்கியம். நீண்ட கரும்பச்சை இலையுள்ள டஸ்கன் ரகம் வெப்பத்தை ஓரளவு தாங்கும். சுருட்டை ரகத்தின் மடிப்புகளுக்குள் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பதுங்கிக்கொள்ளும். வேப்பெண்ணெய்க் கரைசல் அங்கே சரியாக எட்டாது. சுருட்டை ரகத்தை ஊட்டிக்காரர்கள் தாராளமாக வளர்க்கட்டும், கோவைக்கு வேண்டாம். பறிக்கும்போது அடியிலைகளை மட்டும் எடுங்கள். நுனியில் ஐந்தாறு இலை இருக்கட்டும்; குருத்தைக் கிள்ளினால் புது இலை வருவது தடைப்படும்.