‘சும்மா விசாரணைக்கு வாங்க’ என்று போலீஸ் கூப்பிட்டால்...

கேள்வி: பக்கத்து வீட்டாரோடு கைகலப்பு. ‘சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போங்க’ என்று ஸ்டேஷனிலிருந்து என் தம்பிக்குப் போன் வந்தது. போனால் அப்படியே கைது செய்துவிட முடியுமா?

பதில்: கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, அதற்கு நியாயமான தேவை இருப்பது வேறு என்று 1994-லேயே ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தகைய தகராறில் வழக்கமாகப் போடப்படுபவை ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது ஆகிய பிரிவுகள். எதிலும் தண்டனை 7 ஆண்டைத் தாண்டாது. அப்படிப்பட்ட வழக்கில், குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 35-வது பிரிவு காவலரின் கையைக் கட்டுகிறது. சாட்சியை மிரட்டுவார், தடயத்தை அழிப்பார், தலைமறைவாவார் என்பது போன்ற காரணம் இருந்தால்தான் கைது. அந்தக் காரணத்தை எழுதிவைக்கவும் வேண்டும். இல்லையென்றால் 35(3)-ன் கீழ் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

ஆகவே தம்பி, ‘நோட்டீஸ் கொடுங்க சார், சொன்ன நேரத்துக்கு வர்றேன்’ என்று பணிவாகச் சொல்லட்டும். நோட்டீஸ் வந்தபின் போகாமல் இருப்பது பெரிய தவறு. அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். வாய்மொழி அழைப்பை நம்பிப் போய் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்வதில் ஓர் ஆபத்து உண்டு. இரவில் கைது காட்டினால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அப்போதுதான் தொடங்கியதாகப் பதிவாகும். உள்ளே போகும் நேரத்தை வக்கீலுக்கும் வீட்டுக்கும் மெசேஜில் அனுப்பிவிடுங்கள்.

கைதே நடந்துவிட்டால், காவலில் வைக்கக் கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் ரிமாண்ட் நேரம்தான் முக்கியம். அர்னேஷ் குமார் தீர்ப்பின்படி (2014) கைதுக்கான காரணப் பட்டியலை போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டும். அச்சடித்த படிவத்தில் டிக் மட்டும் இருந்தால், இந்த ஆளுக்கு இந்தக் காரணம் எப்படிப் பொருந்தும் என்று வக்கீல் அங்கேயே கேட்க வேண்டும். அப்போது கேட்காமல் விட்டால் பிறகு ஜாமீனுக்கு அலைய வேண்டியதுதான்.

கேள்வி: புகார் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது தந்து அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள்.

பதில்: சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் (லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2013). 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாளில் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். அதற்கு மேல் இழுத்தால், புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகே மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மனு. எஸ்.பி.க்கு எழுதாமலோ, பிரமாணப் பத்திரம் இணைக்காமலோ போனால் மனு நிற்காது. நியாயமான புகார்கள்கூட இந்த இடத்தில்தான் விழுகின்றன.

கேள்வி: 67 வயது அம்மாவை சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள்.

பதில்: போக வேண்டியதில்லை. பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179).

கேள்வி: ஸ்டேஷனில் அடித்தார்கள். சி.சி.டி.வி. பதிவைக் கேட்டுப் பெறலாமா?

பதில்: கேட்கலாம், உடனே கேளுங்கள். பதிவுகளை 18 மாதம், வசதி இல்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2020 பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு. ஆனால் அதே ஆண்டு சாத்தான்குளத்தில், ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட்டின் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. ரிமாண்டின்போதே காயங்களைக் காட்டி மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படி அதே நாளில் மனு கொடுங்கள்.